வன்னிநாட்டு வழக்கில் மரியாதைச் சொற்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டுக்களையும் ஏட்டுச் சுவடிகளையும் பழங்கட்டடங்களின் அழிபாடுகளையும் சான்றாகக் கொள்வர். இவையேயன்றி, மக்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசும் முறையும் வரலாற்றுச் சான்றேயாகும். படலையில் வந்து நிற்பவரை ‘வா’ என்பதா, ‘வாரும்’ என்பதா, ‘வாருங்கோ’ என்பதா என்று வீட்டுக்குரியவர் ஒரு நொடியில் தெளிகின்றார். அத்தெளிவின் பின்னே பல நூற்றாண்டுகளின் ஆட்சியும் உறவும் ஏற்றத்தாழ்வும் மறைந்து நிற்கின்றன.

‘மரியாதை’ என்பது வடமொழியினின்றும் வந்த சொல். அம்மொழியில் அதன் முதற்பொருள் எல்லை அல்லது வரம்பு என்பதாம். இன்னார்க்கு இவ்வளவு என்று வரையறுத்த ஒழுக்கம் மரியாதை எனப்பட்டது. ஆகவே மரியாதைச் சொல் ஒவ்வொன்றும் இருவரிடையே இடப்பட்ட ஒரு வரம்பு எனலாம். வரம்பு வயலைக் காக்கவும் செய்யும். இருவர் நிலத்தைப் பிரிக்கவும் செய்யும். யாழ்ப்பாணக் கடனீரேரிக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலத்தின் பேச்சு வழக்கிலே இவ்விரு தொழிலையும் தெளிவாகக் காணலாம்.

பன்மை உயர்வான வரலாறு

முன்னிலை ஒருமைக்கு ‘நீ’ என்பதும் பன்மைக்கு ‘நீயிர்’ என்பதும் தொல்காப்பியர் கூறும் சொற்கள். பின்வந்த நன்னூலார் காலத்தில் நீயிர், நீவிர், நீர் என்பன பன்மையாய் நின்றன. ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது. அவர் அதனை உயர்த்துச் சொல்லும் வழக்கென ஏற்று, எனினும் இலக்கண நெறிப்பட்டதன்று எனக் கிளவியாக்கத்தில் விலக்கி வைத்தார். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த வீரசோழியமோ ஒருமைக்கும் பன்மைக்கும் புறம்பே ‘சிறப்பு’ என ஒரு வகையை ஏற்றுக் கொண்டது. நாவில் நிலைபெற்ற வழக்கிற்கு நூல் வழிவிட்டது என்க.

ஒருவருக்கே ‘நீர்’ வழங்கத் தொடங்கவே பலரைச் சுட்ட வேறு சொல் வேண்டியதாயிற்று. ‘கள்’ என்னும் ஈறு தொல்காப்பியத்தில் அஃறிணைப் பெயர்க்கே உரியதாய் நின்றது. பிற்காலத்தில் அது மக்களுக்கும் வந்து பொருந்தி ‘நீங்கள்’ பிறந்தது. நாளடைவில் ‘நீங்கள்’ என்பதும் ஒருவர்க்கு வழங்கும் உயர்சொல்லாயிற்று. அதனினும் உயர்த்தக் கருதியோர் ‘தாங்கள்’ என்றனர். பலரும் எடுத்தாளுந்தோறும் உயர்சொல்லின் உயர்வு குறைகின்றது. குறையுந்தோறும் புதிய உயர்சொல் தோன்றுகின்றது.

தமிழகத்தின் பெரும்பகுதியில் ‘நீர்’ அன்றாடப் பேச்சினின்றும் நீங்கிற்று. நெல்லைச்சீமை போன்ற சில பகுதிகளிலேயே எஞ்சியது. ஈழத்தின் வடபகுதியிலோ அது நீங்காது நின்று, ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடைப்பட்ட ஒரு படியாயிற்று. வா, வாரும், வாருங்கோ. இரு, இரும், இருங்கோ என ஏவல் வினையும் மூன்றாய் நின்றது. ஆசிரியர் வளர்ந்த மாணாக்கரை ‘நீர்’ என்றார். கணவன் மனைவியை ‘இஞ்சாரும்’ என்று அழைக்க, மனைவி கணவனை ‘இஞ்சாருங்கோ’ என்றாள். ஒரே விளி ஓர் அசையால் வேறுபட்டு இல்லத்தின் ஒழுங்கை உணர்த்திற்று. படர்க்கையிலும் அவன், அவர் என்றும், அவள், அவா என்றும் படிகள் உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இவை பொதுவாம்.

வன்னியனாரும் நாச்சியாரும்

வன்னி நிலம் நெடுங்காலம் குறுநிலத் தலைவர்களின் ஆட்சியில் இருந்தது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலான பற்றுக்களை ஆண்ட அவர்கள், யாழ்ப்பாண அரசுக்கும் பின்னர்ப் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் திறை செலுத்தியும், வாய்ப்பு நேர்ந்துழி மறுத்தும் வாழ்ந்தனர். அவர்க்குரிய பட்டம் ‘வன்னியனார்’ என்பது. வன்னியன் என்னும் பெயரோடு ‘ஆர்’ விகுதி சேர்ந்த சொல் அது. அக்குலத்துப் பெருமாட்டியர் ‘வன்னிச்சி’ எனவும் ‘நாச்சியார்’ எனவும் வழங்கப்பெற்றனர். உடையார், விதானையார், பரியாரியார், சட்டம்பியார் எனப் பதவியும் தொழிலும் பற்றிய பெயர்களும் அவ்வீறே பெற்றன. ஆட்சிப் படியில் ஏறியவர்க்கு ‘ஆர்’ என்பது முடிபோல் அமைந்தது.

அயலிலும் நிலை இதுவே. 1660இல் சிறைப்பட்டு ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி அரசில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679இல் அநுராதபுரத்தைக் கடந்து மல்வத்து ஓயாவின் கரைவழியே காட்டினூடு தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த தமது நூலில், வழியிற்பட்ட வன்னித் தலைவன் ஒருவனின் நாட்டையும் அவர் குறிப்பிடுகின்றார். அத்தலைவனைக் கயிலாய வன்னியன் என வரலாற்றறிஞர் கொள்வர். அந்நூலிலேயே, சிங்கள மக்கள் முன்னிலையாரைச் சுட்ட ஏழெட்டுச் சொற்களை வழங்கினர் எனவும், அவை ஒன்றினொன்று உயர்ந்த படிகளாய் அமைந்து ஆளின் தகுதிக்கேற்ப வழங்கின எனவும் அவர் எழுதினார். காட்டின் இருபுறத்தும் மொழி வேறாயினும், சொல்லால் மனிதரை அளக்கும் வழக்கம் ஒன்றாகவே இருந்தது.

வன்னிமைகளின் தனியாட்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரால் ஒடுக்கப்பட்டது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒற்றோபர் 31ஆந் தேதி கற்சிலைமடுவில் ஆங்கிலப் படைத்தலைவன் றிபேக் என்பானிடம் தோல்வியுற்றான். பிற்காலத்தில் அவ்விடத்து நாட்டப்பட்ட ஆங்கில நினைவுக்கல்லில் வென்றவரின் பெயர்க்கு முன் ‘கப்டன்’ என்னும் பதவி பொறிக்கப்பட்டது. தோற்றவரின் பெயர் அடையின்றி நின்றது. ஆயினும் ‘அன்’ ஈறு தாழ்வையே குறிக்கும் எனக் கொள்ளலாகாது. முருகன், கண்ணன் என்று இறைவனையே தமிழர் அவ்வீற்றால் அழைக்கின்றனர்; வழிபாட்டில் அவனை ‘நீ’ என்கின்றனர். ஒருமை சிறுமைக்கும் உரியது. நெஞ்சு நெருங்கிய அன்புக்கும் உரியது. எப்பொருளில் வந்தது என்பதைச் சொல் அன்று, சொல்லுவாரும் கேட்பாரும் நிற்கும் நிலையே உணர்த்தும்.

உறவென்னும் மரியாதை

அரண்மனைப் படிகளுக்குப் புறம்பே வன்னிக் கிராமங்களில் வேறொரு மரபு வளர்ந்தது. குளமும் குளத்தின்கீழ் வயலும் வயலைச் சூழ்ந்த காடுமாக அமைந்தவை அக்கிராமங்கள். குளக்கட்டைக் காத்தலும் வாய்க்காலைச் செப்பனிடுதலும் சூடு மிதித்தலும் ஒருவரால் ஆகாதன. ஒருவர் கையை ஒருவர் நம்பி வாழ்ந்த அச்சிற்றூர்களில் உறவுப் பெயரே மரியாதைச் சொல்லாயிற்று. வயது முதிர்ந்தவரைப் பெயர் சொல்லி அழைத்தல் ஆகாது. ஆகவே அப்பு, ஆச்சி, அம்மான், மாமி, பெரியப்பு, குஞ்சியம்மா, அண்ணை, அக்கா என்றே அழைத்தனர். இளையோர் தம்பி, தங்கச்சி, பிள்ளை, மோனை என அழைக்கப்பட்டனர். ‘ஐயா’ என்னும் ஒரு சொல் பெற்ற தந்தைக்கும் வந்த பெரியார்க்கும் பொதுவாயிற்று.

இவ்வழக்கின் நுட்பம் ‘எணை’ என்னும் விளியில் விளங்கும். தாயையும் பாட்டியையும் நோக்கி ‘வாணை’, ‘சொல்லணை’ என்பர். அங்கே வினை ‘வா’, ‘சொல்லு’ என ஒருமையிலேயே நிற்கின்றது. பன்மை விகுதி இல்லை. எனினும் அவ்விளியில் அவமதிப்பின் நிழலும் இல்லை. பன்மையால் உயர்த்தும் மரியாதை ஒருவரைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி வணங்குகின்றது. உறவுப் பெயரால் உயர்த்தும் மரியாதை அவரை அணுகி நின்று வணங்குகின்றது. இரண்டும் வணக்கமே, இடைவெளி வேறு.

வன்னி மக்கள் வழிபடு தெய்வங்களின் பெயர்களிலும் இவ்விரண்டும் கலந்து நிற்றல் நோக்கற்பாலது. காட்டோரத்தும் குளக்கரையிலும் வழிபடப்பெறும் ஐயனார், தந்தையெனப் பொருள்படும் ‘ஐயன்’ என்பதனோடு ‘ஆர்’ சேர்ந்த பெயரினர். அம்மன் தாய், வற்றாப்பளையிற் கோயில் கொண்ட கண்ணகியும் அம்மனே. அண்ணமார் தமையன்மார். நாச்சிமார் பெருமாட்டியர். கண்டி வீதியிற் செல்வோர் எல்லாம் இறங்கி வணங்கிச் செல்லும் முறிகண்டியில் வீற்றிருப்பவர் பிள்ளையார். ‘பிள்ளை’ என்பது வீட்டில் மிக இளைய உயிர்க்குரிய பெயர். ‘ஆர்’ என்பது மிக உயர்ந்தோர்க்குரிய ஈறு. இரண்டையும் ஒரு சொல்லிற் புணர்த்தியவர் மரியாதையின் உட்பொருளை அறிந்தவராதல் வேண்டும். சேக்கிழாரும் குழந்தையாகிய திருஞானசம்பந்தரைப் ‘பிள்ளையார்’ என்றே பாடினார். அப்பிள்ளையார் முதியவராகிய திருநாவுக்கரசரை ‘அப்பர்’ என்றழைத்தார். சைவ மரபில் பெருமதிப்புக்குரிய அப்பெயர் ஓர் உறவுப் பெயரேயாம்.

மறுக்கப்பட்ட சொல்

இம்மரபின் புகழை மட்டும் கூறி அமைதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. உறவுப் பெயர் எல்லார்க்கும் வழங்கப்படவில்லை. யாழ்ப்பாணத்திலும் அதனோடு உறவு பூண்ட வன்னிப் பகுதிகளிலும் தாழ்த்தப்பட்ட சாதியார் என ஒதுக்கப்பட்டோர், நிலமுடையாரை ‘நயினார்’ என்றும் அவர்தம் பெண்டிரை ‘நாச்சியார்’ என்றும் ‘கமக்காரன்’ முதலான பிற சொற்களாலும் அழைக்கக் கடமைப்பட்டனர். அவர்க்கு மறுமொழியாய்க் கிடைத்ததோ ‘நீ’ என்பதும் ‘எடா’, ‘எடி’ என்பனவுமே. நரைத்த தலையினரை நிலக்காரரின் சிறுவன் ‘நீ’ என்றான். அவர் அச்சிறுவனை ‘நீங்கள்’ என்றார். வயதுக்கு மரியாதை என்னும் பொதுவிதி சாதியின் முன் செல்லாதொழிந்தது. சூட்டும் பெயரிலும் வரம்பிடப்பட்டது. ஒருவர் மகன் கந்தையாவாதல் கூட, மற்றொருவர் மகன் கந்தனாகவே நிற்றல் வேண்டும் என்றனர். பேராசிரியர் சுசீந்திரராசா 1970களில் யாழ்ப்பாணச் சமுதாயத்தில் சாதிக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பை மொழியியல் முறையில் ஆராய்ந்து இத்தகைய வழக்குகளைப் பதிவு செய்தார்.

‘நயினார்’ என்னும் சொல்லின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அது ‘நாயனார்’ என்பதன் திரிபு. நாயனார் என்பது சைவர் போற்றும் அறுபத்துமூவர்க்குரிய திருப்பெயர். அவ்வறுபத்துமூவருள் வேட்டுவராகிய கண்ணப்பர் உளர். ஆடை வெளுக்கும் குலத்தவராகிய திருக்குறிப்புத் தொண்டர் உளர். பரதவராகிய அதிபத்தர் உளர். தில்லைக்கு வெளியே நின்று ஏங்கிய திருநாளைப்போவாரும் உளர். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் இவர்கள் அனைவர்க்கும் ‘ஆர்’ விகுதியைத் தயங்காது வழங்கிற்று. வேட்டுவர்க்கும் வண்ணார்க்கும் உரியதாயிருந்த அதே சொல்லை, அவர் வழிவந்தோர் பிறர்க்குச் செலுத்தவேண்டிய திறையாகச் சமுதாயம் மாற்றிற்று. கோயிலிற் புராணம் படித்துப் பயன் கேட்ட ஊரிலேயே இது நிகழ்ந்தது என்பது சிந்தித்தற்குரியது.

மாற்றத்தின் வழிகள்

20ஆம் நூற்றாண்டில் இவ்வரம்புகள் பல வழிகளால் நெகிழ்ந்தன. இரணைமடுக் குளம் கட்டப்பட்டபின், 1930கள் முதல் கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. பிற்காலத்தில் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிலும் புதுக்குடிகள் பெருகின. பலவூரார் அடுத்தடுத்த காணிகளில் வந்தமர்ந்தபோது, இன்னார் இன்ன குடியினர் என்று தலைமுறையாக அறிந்த பழைய ஊரின் கண் அங்கே இல்லை. முன்பின் அறியாதவரை ‘அண்ணை’ என்பதும் ‘நீங்கள்’ என்பதுமே பாதுகாப்பான வழியாயின. 1945இல் வந்த இலவசக் கல்வி எல்லாக் குடியிலிருந்தும் ஆசிரியர் தோன்ற வழிசெய்தது. கரும்பலகையின் முன் நின்றவரை மாணாக்கர் அனைவரும் ‘சேர்’ என்றும் ‘ரீச்சர்’ என்றும் அழைத்தனர். ஆங்கிலத்திலிருந்து வந்த அவ்விரு சொற்களும் சாதி கேளாத சொற்கள்.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பாடசாலை, கடை, கோயில் முதலிய பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. சட்டம் வாயிலைத் திறக்கலாம். நாவை ஆள அதனால் ஆகாது. 1960களின் பிற்பகுதியில் வடபகுதியில் எழுந்த தேநீர்க்கடை, ஆலய நுழைவுப் போராட்டங்கள் அவ்வுண்மையை உணர்த்தின. 1963இல் பழைய விதானை முறை நீங்கிக் கிராம சேவகர் பதவி ஏற்பட்டது. ஆயினும் முதியோர் பலர் அப்பதவியினரை ‘விதானையார்’ என்றே நெடுங்காலம் அழைத்தனர். பதவி ஒழிந்தபின்னும் அதன் மரியாதைச் சொல் எஞ்சி வாழும் என்பதற்கு இஃதொரு சான்று.

1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தமிழர் பெருந்தொகையினர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். அவர்தம் பேச்சில் நீ, நீங்க என இரண்டு படிகளே உண்டு; வாங்க, சொல்லுங்க என்பது அவர் வழக்கு. வடபகுதியார் நடுப்படியாகக் கருதி வழங்கிய ‘நீர்’, ‘வாரும்’ என்பன அவர் செவியில் எப்பொருளை எய்தும்? சொல்லியவர் அரைப்படி உயர்த்தியதாக நினைக்க, கேட்டவர் ‘நீங்க’ என்பது மறுக்கப்பட்டதாக உணர்தல் இயல்பு. வேலை கொடுப்போரும் வேலை செய்வோருமாய் இருசாராரும் சந்தித்த நிலத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. மரியாதையின் அளவை வழங்குவோர் மட்டும் தீர்மானித்தல் போதாது. பெறுவோரின் செவியும் அதற்குத் தராசு என்பதை வன்னி இவ்வாறு கற்றது.

பின்னர்ப் போர் வந்தது. 1995 ஒற்றோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மக்களுட் பலர் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 2009இல் வன்னி மக்களே முல்லைத்தீவுக் கரைவரை ஒதுக்கப்பட்டு, அங்கிருந்து செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். நிலமுடையாரும் நிலமற்றாரும், பழங்குடியாரும் புதுக்குடியாரும் தண்ணீருக்கும் உணவுக்கும் ஒரே வரிசையில் நின்றனர். நிலம் கைவிட்டுப் போனபோது நிலத்தால் வந்த பட்டங்களுக்கு இடமில்லாது போயிற்று. அறியாதவரை அழைக்க எஞ்சியவை அம்மா, ஐயா, அண்ணை, அக்கா, தம்பி, பிள்ளை என்பனவே. எல்லாப் பகையும் அத்துடன் மறைந்தது எனல் மிகையாகும். சாதி நினைவு திருமணப் பேச்சிலும் கோயில் நிருவாகத்திலும் தலைகாட்டுவது கண்கூடு. எனினும் முகத்துக்கு நேரே ‘நயினார்’ எனக் கேட்கவும் முதியவரை ‘எடா’ என அழைக்கவும் துணிவோர் அரியராயினர்.

இருவழிச் சமன்

மனிதரைச் சொல்லாற் சமனாக்க உலகம் இரண்டு வழிகளை முயன்றிருக்கின்றது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர் பெரியோரையும் சிறியோரையும் ஒருமையாலேயே விளித்து, அதனால் துன்புற்றனர். 1793இல் பிரெஞ்சுப் புரட்சியாளரும் பன்மை மரியாதையை நீக்கி எல்லாரையும் ஒருமையால் அழைக்க முயன்றனர்; அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆங்கில மொழியோ மறுவழி சென்றது. ஒருமைச் சொல் பொதுவழக்கினின்றும் மறைய, பன்மைச் சொல்லே அரசனுக்கும் ஏவலனுக்கும் பொதுவாயிற்று. முன்னது இறக்கிச் சமன் செய்வது. பின்னது ஏற்றிச் சமன் செய்வது.

வன்னி பின்னதையே தேர்ந்தது; அதனோடு தன் பழைய உறவு மரபையும் சேர்த்துக் கொண்டது. ‘வாருங்கோ அண்ணை’ என்னும் இரு சொற்களில், வன்னியனார் அவையில் வளர்ந்த உயர்வும் குளக்கரைச் சிற்றூரில் வளர்ந்த உறவும் ஒன்றாகின்றன. முற்காலத்தில் அவ்விரண்டும் சிலர்க்கே உரியனவாயிருந்தன. படலையில் வந்து நிற்பவர் யாராயினும் அவர்க்கு அவை உரியன என்பதே வன்னியின் வரலாறு அரிதிற் கற்பித்த பாடம்.

இதனாற் கல்விநிலையங்களுக்கு ஒரு கடமை உண்டு. இலக்கண வகுப்பில் ‘உயர்வுப் பன்மை’ என எழுதிக் காட்டுதல் எளிது. பாடசாலை வாயிற்காவலரையும், கூட்டித் துப்புரவு செய்யும் முதியவளையும், கூலிக்கு வயலில் இறங்குபவரையும் மாணாக்கன் எச்சொல்லால் அழைக்கின்றான் என்பதிலேயே அவ்விலக்கணம் கைவந்ததா என்பது தெரியும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளைக்கு ‘ஆர்’ சேர்த்து வணங்கும் நாவிற்கு, எதிரே நிற்கும் மனிதர்க்கு அதனைச் சேர்த்தல் அரிதாகாது.